தீவும் பறவையும் ஒரு பதிவேடும்

நுழையும் முன்

திருவிழாவுக்கு வருவோரை எண்ணிக் கணக்குச் சொல்வது கடினம். வருவோர் இறகு முளைத்தவர்களாகவும், பல்லாயிரம் கல் தொலைவு கடந்து வருபவர்களாகவும் இருந்தால் அது இன்னும் கடினமாகும். அவ்வாறு வரும் விருந்தினரைத் திருப்பதி மாவட்டத்தின் கடலோரத் தீவு ஒன்றில் எண்ணிப் பதிவு செய்வோரைப் பற்றியும், அப்பதிவின் பயனைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

மலையில் பிறந்து ஏரியில் சேரும் நீர்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நிலத்தின் வடக்கு எல்லையாக வேங்கட மலையைச் சுட்டுகிறது. அம்மலையைச் சூழ்ந்த திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் தெலுங்கும் தமிழும் அருகருகே வாழ்கின்றன. இப்பகுதியின் ஆறுகளும் இரு மொழி நிலங்களையும் இணைத்து ஓடுகின்றன. கார்வேட்டிநகரத்துக் குன்றுகளின் பக்கம் தோன்றும் ஆரணியாறு, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பழவேற்காடு ஏரியை அடைகிறது. சூலூர்பேட்டை வழியாக வரும் காளங்கி ஆறும் அதே ஏரியில் கலக்கிறது. சித்தூர்ப் பக்கத்துக் குன்றில் விழும் மழைத்துளி, கடலோரப் பறவைக்கு உணவு வளர்க்கும் நீராக மாறுகிறது.

பழவேற்காடு ஏரி உப்புநீரும் நன்னீரும் கலந்த காயல் ஆகும். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. ஏரி பரந்து விரிந்தது. ஆயினும் ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஒரு மனிதரின் இடுப்பளவு நீரே நிற்கும். நீண்ட கால்களை உடைய நாரைகளுக்கும் பூநாரைகளுக்கும் அந்த ஆழமின்மையே வாழ்வளிக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரியை நிரப்புகிறது. அப்பொழுது நடு ஆசியாவின் குளிருக்கு அஞ்சி வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கு இறங்குகின்றன. குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் இனப்பெருக்கம் செய்யும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் அமிழ்த்தி, சேற்று நீரை வடிகட்டி, சிற்றுயிர்களையும் பாசிகளையும் அவை உண்கின்றன. அவ்வுணவில் உள்ள நிறமிகளே பூநாரையின் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகின்றன. பூநாரையின் குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் பிறக்கிறது.

ஏரியிலிருந்து சற்றுத் தொலைவில், தொரவாரிசத்திரம் அருகே நேலப்பட்டுப் பறவைகள் காப்பிடம் உள்ளது. அங்குள்ள நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், இராக்கொக்கு ஆகியனவும் அவற்றுக்கு அண்டை வீட்டார் ஆகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் அறிவர். ஆதலால் அவர்கள் பறவைகளைத் துன்புறுத்துவதில்லை.

காவல் சூழ்ந்த தீவு

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. சூலூர்பேட்டையிலிருந்து ஏரியின் நடுவே செல்லும் சாலை இத்தீவை அடைகிறது. 1969-ஆம் ஆண்டு இத்தீவு ஏவூர்தித் தளம் அமைப்பதற்கு உரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் இங்கிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. 2002-ஆம் ஆண்டு இத்தளம் சதீஷ் தவான் விண்வெளி மையம் எனப் பெயர் பெற்றது. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

ஏவுதளம் வருவதற்கு முன்பே தீவில் மக்கள் வாழ்ந்தனர். யானாதி என்னும் பழங்குடியினர் காட்டின் கிழங்குகளையும் மூலிகைகளையும், ஏரியின் மீன்களையும் நன்கு அறிந்தவர்கள். ஏவுதளத்திற்காக அவர்கள் தம் வாழிடத்தை விட்டுப் பெயர நேர்ந்தது. நாட்டின் விண்வெளிப் பயணத்திற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

இன்று இத்தீவுக்குள் இசைவு இன்றி எவரும் நுழைய இயலாது. ஏவுதளத்திற்காக இடப்பட்ட காவல், உலர் பசுமைமாறாக் காட்டிற்கும் காவலாயிற்று. கடலோரக் காடுகள் பலவும் கட்டடங்களாக மாறிய காலத்தில், இங்குள்ள காட்டின் பெரும்பகுதி நிலைத்து நிற்கிறது. தீவின் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் இத்தீவின் உயிரினங்களை முறையாக ஆய்ந்துள்ளனர். ஏரிக்குள் இரகம், வேநாடு ஆகிய சிறு தீவுகளும் உள்ளன. அங்கு மீனவ மக்கள் வாழ்கின்றனர்.

எண்ணுவதும் ஒரு கலை

சனவரி மாதத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1987-ஆம் ஆண்டு தொடங்கிய இப்பணியில் வனத்துறையினரும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் பங்கு பெறுகின்றனர். தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் நாள் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

ஆயிரக்கணக்கான பறவைகள் அசைந்துகொண்டே இருக்கும்போது அவற்றை எவ்வாறு எண்ணுவது? பழகியவர்கள் முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணுகின்றனர். அப்பத்தும் கூட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன என்பதை மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். பின்னர் அதே அளவுள்ள பகுதிகளாகக் கூட்டத்தைப் பிரித்து எண்ணுகின்றனர். கூட்டம் மிகப் பெரிதானால் நூறு பறவைகளின் பரப்பை அளவுகோலாகக் கொள்கின்றனர். கூட்டத்தைப் படம் எடுத்து, திரையில் கட்டங்கள் வரைந்து, பிறகு பொறுமையாக எண்ணுவதும் உண்டு. இவ்விரு வழிகளிலும் கிடைத்த எண்களை ஒப்பிட்டால் பிழை குறையும்.

எண்ணுவோர் மூன்று செய்திகளைத் தவறாது குறிக்கின்றனர். அவை இடம், நாள், நேரம் என்பன. எத்தனை நிமிடம் நின்று பார்த்தனர், எவ்வளவு தொலைவு நடந்தனர் என்பவற்றையும் எழுதுகின்றனர். பத்து நிமிடத்தில் கண்ட இருபது பறவைகளும், ஐந்து மணி நேரத்தில் கண்ட இருபது பறவைகளும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. முன்னது மிகுதியையும் பின்னது குறைவையும் காட்டுகின்றன.

கைப்பேசியில் ஒரு பட்டியல்

முன்பு இக்குறிப்புகள் யாவும் ஆய்வாளரின் கையேட்டிலேயே தங்கின. கையேடு தொலைந்தால் பல்லாண்டு உழைப்பும் அதனோடு தொலைந்தது. இன்று நிலை மாறியுள்ளது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ஆம் ஆண்டு ஈபேர்டு என்னும் இணையத் தரவுத்தளத்தைத் தொடங்கின. பறவை காண்போர் எவரும் தம் கைப்பேசிச் செயலி வழியாக அதில் பட்டியலைச் சேர்க்கலாம். நின்ற இடத்தைப் புவியிடங்காட்டி குறித்துக்கொள்கிறது. நேரத்தைக் கடிகாரம் குறித்துக்கொள்கிறது. ஒளிப்படத்தையும் ஒலிப்பதிவையும் பட்டியலுடன் இணைக்கலாம்.

அச்செயலி பட்டியலின் முடிவில் ஒரு வினாவைக் கேட்கிறது. இனங்கண்ட பறவைகள் அனைத்தையும் சேர்த்தாயிற்றா என்பதே அவ்வினா. அரிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அப்பட்டியல் அரைகுறையானது. அனைத்தையும் எழுதிய பட்டியல், இருந்ததைச் சொல்வதோடு இல்லாததையும் சொல்கிறது. ஒரு குளத்தின் நூறு முழுப் பட்டியல்களில் சிட்டுக்குருவி ஓரிடத்தும் இல்லையெனில், அந்த இன்மையும் ஒரு செய்தியே.

இத்தகைய பட்டியல்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஒரு நாட்டின் பறவை நலமே தெரியவரும். இந்தியப் பறவைகளின் நிலை என்னும் 2023-ஆம் ஆண்டு அறிக்கை அவ்வாறு எழுதப்பட்டது. ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அதற்கு அடிப்படை ஆயின. 942 பறவை இனங்களின் நிலை ஆராயப்பட்டது. அவற்றுள் 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டுவன என அவ்வறிக்கை கூறியது. அந்த 30,000 பேரும் பறவையியல் அறிஞர்கள் அல்லர். ஆசிரியரும் மருத்துவரும் உழவரும் மாணவரும் அவர்களுள் உண்டு.

கருவியின் கண்ணும் மனிதரின் கண்ணும்

மெர்லின் என்னும் செயலி, பறவையின் குரலைக் கேட்டு அதன் பெயரைத் திரையில் காட்டுகிறது. ஒளிப்படத்தைக் கொடுத்தாலும் பெயரைச் சொல்கிறது. இது தொடக்க நிலையினருக்குப் பெரிதும் உதவுகிறது. ஆயினும் கருவி சொல்வது ஓர் ஊகமே ஆகும். கரிச்சான் போன்ற சில பறவைகள் பிற பறவைகளின் குரலைப் போலவே ஒலிக்க வல்லன. அத்தகைய குரலைக் கேட்ட கருவி, அங்கு இல்லாத பறவையின் பெயரைக் கூறிவிடக் கூடும்.

ஆதலால் பதிவுகளைச் சரிபார்க்கும் முறை ஏற்பட்டது. ஓரிடத்தில் வழக்கத்திற்கு மாறான இனமோ எண்ணிக்கையோ பதிவானால், அப்பகுதியின் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் அதனைப் பார்வையிடுகிறார். படம் உண்டா, எத்தகைய அடையாளம் கண்டீர் எனப் பதிவு செய்தவரிடம் வினவுகிறார். ஐயம் தீரும் வரை அப்பதிவு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பெயர் தெரியாத உள்ளானை ‘இனம் தெரியாத உள்ளான்’ என்றே எழுதுவது நேர்மையான பதிவு. தெரியாததைத் தெரிந்ததாக எழுதும் ஒரு வரி, தெரிந்தவற்றை எழுதிய நூறு வரிகளின் மதிப்பையும் கெடுக்கும்.

வாய்க்காலைத் திருப்பிய சான்று

பதிவேட்டால் ஒரு பறவையின் வாழிடம் காக்கப்பட்ட நிகழ்வு, திருப்பதிக்கு அண்டையில் உள்ள கடப்பை மாவட்டத்தில் நடந்தது. ஜெர்டான் கோர்சர் என்பது முட்புதர்க் காட்டில் இரவில் மட்டும் நடமாடும் பறவை. தெலுங்கில் இதன் பெயர் கலிவி கோடி. கலிவி என்பது ஒரு முட்புதர். கோடி என்றால் கோழி. 1848-ஆம் ஆண்டு தாமஸ் ஜெர்டான் இதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தார். 1900-ஆம் ஆண்டிற்குப் பிறகு எவரும் காணாமையால் இது அழிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். 1986-ஆம் ஆண்டு சனவரியில் ஐதன்னா என்னும் உள்ளூர்ப் பறவை பிடிப்பவரின் உதவியால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷண் இதனை மீண்டும் கண்டறிந்தார். நூல்கள் அழிந்ததாக எண்ணிய பறவையைக் காட்டுவாழ் மக்கள் அறிந்திருந்தனர்.

இரவில் அரிதாக வெளிவரும் பறவையை எவ்வாறு ஆய்வது? தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர் ப. ஜெகநாதனும் அவருடன் பணியாற்றியோரும் இரு வழிகளைக் கையாண்டனர். புதர்களுக்கு இடையே மென்மண்ணைப் பட்டையாகப் பரப்பி, அதில் பதியும் காலடித் தடங்களை ஆராய்ந்தனர். விலங்கோ பறவையோ கடக்கும்போது தானாகப் படம் எடுக்கும் கேமராக்களையும் வைத்தனர். தடம் ஐயத்தை எழுப்பியது. படம் ஐயத்தைத் தீர்த்தது. அதன் குரலும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டது.

2005-ஆம் ஆண்டு தெலுங்கு கங்கைத் திட்டத்தின் வாய்க்கால் ஒன்று இப்பறவையின் வாழிடத்தின் ஊடே தோண்டப்படலாயிற்று. அப்பகுதி மக்களுக்கு நீர் இன்றியமையாதது. பறவைக்கோ அந்தப் புதர்க்காடு தவிர வேறு வீடு இல்லை. ‘அங்கு ஏதோ பறவை இருப்பதாகச் சொல்கிறார்கள்’ என்னும் பேச்சு மட்டும் இருந்திருந்தால், வாய்க்கால் தன் வழியே சென்றிருக்கும். இடமும் நாளும் குறித்த சான்றுகள் ஆய்வாளர்களின் கையில் இருந்தன. ஆதலால் வாய்க்காலின் பாதை மாற்றப்பட்டது. நீரும் சென்றது, புதர்க்காடும் நின்றது.

அதன் பிறகு பல்லாண்டுகள் இப்பறவை கண்ணில் படவில்லை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பறவை ஆர்வலர் சிலர் அதன் குரலை மீண்டும் ஒலிப்பதிவு செய்தனர். முன்பே பதிவான குரல் ஒன்று இருந்தமையால்தான், இருளில் கேட்ட ஒலி இன்னதென அவர்களால் அறிய முடிந்தது.

தீவிலிருந்து ஏவிய செவி

பறவை ஓரிடத்தில் இருப்பதைக் கேமராவும் ஒலிப்பதிவும் காட்டும். அது எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை அறியச் செயற்கைக்கோள் வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா இவ்வாய்விலும் பங்கு பெற்றுள்ளது.

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் இத்தீவிலிருந்து சரல் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய அது கடல்மட்டத்தை அளந்தது. அத்துடன் ஆர்கோஸ் என்னும் அலைவாங்கிக் கருவியையும் சுமந்து சென்றது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஏவப்பட்ட இ.ஓ.எஸ்.-06 என்னும் செயற்கைக்கோளும் அவ்வகைக் கருவியின் புதிய வடிவத்தை ஏந்திச் சென்றது.

ஆர்கோஸ் இயங்கும் முறை எளியது. விலங்கின் உடலில் பொருத்திய சிறு கருவி வானலைக் குறிகைகளை விட்டுவிட்டு அனுப்புகிறது. தொடர்வண்டி நெருங்கி வரும்போது அதன் ஊதொலி உச்சமாகவும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை நிலையத்தில் நிற்போர் அறிவர். அதுபோலவே விரைந்து செல்லும் செயற்கைக்கோள் பெறும் அலையின் அதிர்வெண்ணும் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கணக்கிட்டு விலங்கு இருக்கும் இடத்தை அறிகின்றனர். ஆமை நீருக்கு மேல் மூச்செடுக்க வரும்போது அதன் கருவி குறிகை அனுப்பும்.

2013-ஆம் ஆண்டு நவம்பரில் நாகாலாந்தின் பாங்தி ஊர்ப்பகுதியில் மூன்று அமூர் வல்லூறுகளுக்கு இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டன. ஒரு கருவியின் எடை 5 கிராம். நாகா, வோக்கா, பாங்தி எனப் பெயரிடப்பட்ட அப்பறவைகள் ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்லும் வழியை ஆய்வாளர்கள் திரையில் கண்டனர். நாகா என்ற பறவை இந்திய நிலப்பரப்பையும் அரபிக் கடலையும் கடந்து பறந்தது. முந்தைய ஆண்டு வரை அப்பகுதியில் இப்பறவைகள் பெருமளவில் வலையில் பிடிக்கப்பட்டன. அக்காட்சி படமாகப் பதிவாகி நாடெங்கும் பரவியது. ஊர்மக்களே கூடி வேட்டையைக் கைவிட்டனர். தம் ஊரின் பெயர் தாங்கிய பறவை கடல் கடப்பதை அவர்கள் அறிந்தபோது, அது அவர்களின் பறவையாயிற்று.

பதிவு செய்வோரின் கடமை

ஆற்றல் மிக்க கருவி தவறாகவும் பயன்படும். கூடு கட்டும் பறவையை நெருங்கிப் படம் எடுத்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். வெயிலில் முட்டையும் குஞ்சும் வாடும். கூட்டத்தின் மேல் ட்ரோன் பறந்தால் உண்டுகொண்டிருக்கும் பறவைகள் அஞ்சி எழும். நெடும்பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பை அவை வீணே செலவிட நேரும். காப்பிடங்களில் ட்ரோன் இயக்க வனத்துறையின் இசைவு வேண்டும். மிக அரிய இனங்கள் சிலவற்றின் இருப்பிடத்தை ஈபேர்டு தளம் வெளியிடாமல் மறைத்து வைக்கிறது. இடத்தை அறிந்து வேட்டையாடுவோர் வரக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

பூநாரைகளின் எதிர்காலம் ஏரியின் நீரைப் பொறுத்தது. ஏரியைக் கடலுடன் இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் நீரோட்டம் குறையும், மீன்வளம் குன்றும், மீனவரின் வலையும் பறவையின் அலகும் ஒருங்கே வெறுமையாகும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த கணக்கு இருந்தால் அத்தேய்வு தொடக்கத்திலேயே புலப்படும். கணக்கு இல்லையெனில், பறவைகள் வராமற்போன பிறகே ஊர் அதனை உணரும்.

ஏவூர்தியைப் போன்றதன்று பறவைக் கணக்கு. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பள்ளி வளாகத்து வேப்பமரத்தின் கீழ் பதினைந்து நிமிடம் அமைதியாக நிற்கும் மாணவர் ஒருவர், கண்டதைக் கண்டவாறு எழுதினால் அதுவும் அறிவியலுக்கு உரிய சான்றாகும். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே மரத்தடியில் மற்றொருவர் நின்று எண்ணும்போது, முதலாம் மாணவரின் பட்டியல் அவருக்கு வழிகாட்டும்.

சொல்லும் பொருளும்

காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி ஏரி
முகத்துவாரம் – ஆறோ ஏரியோ கடலுடன் கூடும் இடம்
தூர்தல் – மண் சேர்ந்து மேடாதல்
இசைவு – ஒப்புதல், அனுமதி
குறிகை – செய்தி தாங்கிய அலை
அலைவாங்கி – வானலையைப் பெறும் கருவி
புவியிடங்காட்டி – இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி
இன்மை – இல்லாத நிலை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள தீவு \_\_\_\_\_\_.
2. பூநாரையின் நிறத்திற்குக் காரணம் அதன் \_\_\_\_\_\_ உள்ள நிறமிகள்.
3. சரல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட ஆண்டு \_\_\_\_\_\_.
4. ஜெர்டான் கோர்சரின் தெலுங்குப் பெயர் \_\_\_\_\_\_.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஆரணியாறு சித்தூரையும் பழவேற்காட்டையும் எவ்வாறு இணைக்கிறது?
2. நேலப்பட்டு உழவர்கள் பறவைகளைத் துன்புறுத்தாமைக்குக் காரணம் யாது?
3. பட்டியலில் இன்மையும் ஒரு செய்தி என்பதன் பொருள் என்ன?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. தெலுங்கு கங்கை வாய்க்காலின் பாதை மாறியமைக்கு எவை துணை நின்றன?
2. கருவி கூறும் பெயரை ஏன் சரிபார்க்க வேண்டும்?

ஈ. கீழ்க்காணும் இரு மாதிரிப் பதிவுகளை ஒப்பிடுக. எது ஆய்வுக்குப் பயன்படும்? காரணம் கூறுக.

பதிவு 1: ஏரியில் நிறையப் பூநாரைகளைப் பார்த்தோம். மிக அழகாக இருந்தன.

பதிவு 2: சூலூர்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா சாலை. சனவரி 16. காலை 7.10 முதல் 7.50 வரை. பூநாரை 340, பத்துப் பத்தாக எண்ணியது. மஞ்சள் மூக்கு நாரை 12. இனம் தெரியாத உள்ளான் 60. மூடுபனி இருந்தது.

மொழியோடு உறவாடு

1. தெலுங்கில் கோடி என்பது தமிழில் கோழி. தீவி, செருவு, ஏரு, கொங்கா ஆகிய தெலுங்குச் சொற்களுக்கு உரிய தமிழ்ச் சொற்களை எழுதுக. ஒலியில் ஒத்துவரும் இணைகளைத் தனியே குறிக்க.
2. பிரித்து எழுதுக: நீர்ப்பறவை, ஒளிப்படம், கடற்கரை, பல்லாண்டு.
3. ‘தடம் ஐயத்தை எழுப்பியது, படம் ஐயத்தைத் தீர்த்தது.’ இத்தொடரில் உள்ள எதிர்ச்சொற்களைக் கண்டறிந்து, அவற்றைக் கொண்டு புதிய தொடர் ஒன்று அமைக்க.

செயல்பாடு

நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, பள்ளி வளாகத்தில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், 15 நிமிடம் அங்கு நின்று பறவைகளை எண்ணுக. ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் காக்க. பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுக. தெரியாத பெயர்களை வீட்டுப் பெரியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு அறிக. நான்கு வாரங்களுக்குப் பின் பட்டியல்களை ஒப்பிட்டு, கூடியவை எவை, குறைந்தவை எவை, காரணம் என்னவாக இருக்கலாம் என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.